முந்திரிக்கல் நல்லசாமி

வலது கையில் மூக்கு நீண்ட கரண்டி. அதில் தோசைமாவுப் பதத்தில் கரைத்த சிவப்புச் சிமெண்டு. இடது கை பித்தளை அச்சின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கும். அச்சுக்குள் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு நிறம். முந்திரிப் பழத்துக்குச் சிவப்பு, கொட்டைக்குச் சாம்பல், மிச்ச இடத்துக்குப் பாலேடு நிறம். ஒரு சொட்டு பக்கத்து அறையில் விழுந்தால் அந்தக் கல் வீண். ஊற்றி முடித்ததும் நல்லசாமி மூச்சை அடக்கிக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குவார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும், கலக்காது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவி, மணல் கலவையைப் பரப்பி, திருகு பிரஸ்ஸுக்கு அடியில் தள்ளுவார். உதவிக்கு இருந்த கண்ணையன் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவான். அழுத்தி எடுத்தால் தரைக்குப் போடும் பூக்கல் ஒன்று தயார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேச நேரமில்லாத வேலை அது.

அப்போது நெய்வேலி நகரிய ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பில் இருந்தது. எனக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் நகரியத்துக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். நல்லசாமியின் ஷெட் எனக்கு நேரெதிரே. அவருடைய கைகளை நான் ஆஸ்பத்திரியிலும் பார்த்தேன், என் வாசலில் இருந்தும் பார்த்தேன். சிமெண்டு தின்ற கைகள். நகக்கண்ணெல்லாம் வெடிப்பு, விரல் நுனியில் தோல் உரிந்து எப்போதும் ஈரமாக இருக்கும். ரப்பர் உறை போடச் சொன்னேன்.

“உறை போட்டாக் கரண்டியோட கனம் தெரியாதுங்க சிஸ்டர்” என்றார்.

“அப்படியானால் படுக்கப் போகும்போது தேங்காய் எண்ணெயாவது தடவுங்கள்” என்றேன். அதைச் செய்தார். சொன்னதில் பாதியைச் செய்கிற நோயாளி நல்ல நோயாளிதான். பெரும்பாலோர் அதுகூடச் செய்வதில்லை.

அவர் கரூர்ப் பக்கத்துக்காரர். கோயம்புத்தூரில் ஒரு பூக்கல் தொழிற்சாலையில் இந்த வேலையைப் பழகினார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. வயிற்றில் குழந்தை குறுக்கே திரும்பியிருந்தது, மருத்துவச்சிக்கு அது தெரியவில்லை என்று அவர் சொன்னதிலிருந்து புரிந்துகொண்டேன். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒருமுறைதான். நான் தோண்டிக் கேட்கவில்லை. நெய்வேலியில் நகரியம் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு காண்டிராக்டரிடம் தரை போடும் மேஸ்திரியாக வந்து சேர்ந்தார். பிளாக் பிளாக்காகத் தரை போட்டார். வீடுகள் முடிந்ததும் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்தும் மேற்கிலிருந்தும் சம்பளக்காரக் குடும்பங்கள் சாமான் சட்டியோடு வந்து நிறைந்தன. தரை போட்டவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

நகரியத்தில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி “எந்த பிளாக்?” இரண்டாவது கேள்வி “என்ன ஷிஃப்ட்?” இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு நகரும். நல்லசாமிக்கு இரண்டும் கிடையாது. ஒருமுறை டிரெஸ்ஸிங் ரூம் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

“சார் எந்த பிளாக்?”

“பிளாக் இல்லீங்க. ஷெட்டு.”

“ஷெட்டா? அது எந்தப் பக்கம்?”

“வெளியிலீங்க.”

அவர் “ஓகோ” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மரியாதைக் குறைவாக ஒன்றுமில்லை. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

நல்லசாமி பேசப் போன இடம் ஒன்றே ஒன்று: கண்ணையனின் ஊர். வடக்குத்திலிருந்து நடந்தே போகலாம். சுரங்கத்துக்காக எடுக்கப் போகிற நிலத்தில் இருந்த சின்னக் கிராமம். கண்ணையனின் தாய் சாமியம்மாள் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் கூலிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லசாமி அங்கே போய் மரத்தடியில் உட்காருவார். அவள் கொட்டையை உடைத்துக்கொண்டே வாயையும் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

“இன்னொரு கல்யாணம் கட்டிக்க வேணாமா மேஸ்திரி? இப்படியே கல்லையே பாத்துகினு இருந்தா கல்லா வந்து சோறு பொங்கும்?”

“எனக்குப் பொங்கத் தெரியுமுங்க ஆயா.”

“தெரியுது, தெரியுது. கொடி மாதிரிதான் இருக்கீங்க.”

அங்கேதான் அந்த டிசைன் பிறந்தது. உடைக்காத கொட்டைகள் நான்கு அவள் முறத்திலிருந்து தவறித் தரையில் விழுந்தன. வளைந்த மூக்குகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. நல்லசாமி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்து பார்த்தார். ஒரு கல்லின் மூலைக்கு ஒரு பழமும் கொட்டையும். நான்கு கற்கள் கூடுமிடத்தில் நான்கு கொட்டைகளும் சக்கரம்போலச் சுழலும். பித்தளை அச்சைக் கும்பகோணத்தில் அடித்து வாங்கி வந்தார். சரியாக வருவதற்குள் அந்த வெயில்காலம் முடிந்துவிட்டது.

முதன்முதலாகக் குறையில்லாமல் ஓர் அடுக்குக் கல் வந்தபோது ஆடி மாதம். கண்ணையன் ஒரே பிடியாக நின்றான்.

“மொதக் கல்லு ஆத்தாளுக்கு, மேஸ்திரி. அவளுக்குப் போடாம வித்தீங்கன்னா தொழிலு வெளங்காது. எங்க ஊர்ல மொதக் காய், மொதப் படி எல்லாம் அவளுக்குத்தான்.”

நல்லசாமிக்கும் அதில் மறுப்பில்லை. அவர் ஊரிலும் அதுதான் வழக்கம். கண்ணையனின் ஊர் மாரியம்மனுக்குக் கூரைக்கொட்டகைதான் கோயில்; முன்னால் மண்தரை. கூழ் ஊற்றும் வெள்ளிக்கிழமைக்கு முன்னதாக இரண்டு பேரும் போய் அந்தக் கற்களை அம்மன் முன்னால் பதித்துக் கொடுத்தார்கள். கூழ் வாங்க வந்த ஊர் முழுவதும் அதன்மேல் நடந்தது. குழந்தைகள் சுழியில் கால் வைத்துச் சுற்றின.

ஐப்பசியில், சுரங்கக் கம்பெனியின் விருந்தினர் மாளிகைக்குத் தரை பார்க்க வந்த ஓர் இன்ஜினியர் நல்லசாமியின் ஷெட்டில் அந்தக் கல்லைப் பார்த்தார். “இதை வேறு யாரும் செய்யாதபடி பதிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் ஆர்டரை உங்களுக்கென்று கேட்க முடியும்” என்று சொன்னார். கடலூர்க்காரரான சிவப்பிரகாசம் என்ற வக்கீல் சென்னையில் இப்படிப் பதிவு வாங்கிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவர் மூலம் கல்கத்தாவில் இருந்த பதிவு ஆபீசுக்கு மனு போயிற்று. சட்டப்படி அதற்கு டிசைன் பதிவு என்று பெயராம். எங்கள் பக்கத்தில் எல்லாரும், நல்லசாமியும் சேர்த்து, பேட்டண்ட் என்றுதான் சொன்னோம். மனு போடும்போது வக்கீல் கேட்டார்: “இதை இதற்கு முன்னால் யாருக்காவது விற்றீர்களா? யாருக்காவது காட்டினீர்களா?” இல்லை என்றார் நல்லசாமி. அப்படியே சத்தியம் செய்தும் கொடுத்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அம்மனுக்குப் போட்டது அவர் கணக்கில் விற்பதும் அல்ல, காட்டுவதும் அல்ல. அது கொடுத்தது. கொடுத்ததோடு முடிந்தது.

பதிவு வந்தது. அதற்குப் பிறகு அவர் நடையில்கூடக் கொஞ்சம் மாற்றம் இருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் மறுபடியும் யாரோ எந்த பிளாக் என்று கேட்டார்கள். “முந்திரிக்கல் நல்லசாமிங்க” என்றார். கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பிறகு ஜெயராமன் வந்தார். மதுரைக்காரர், மந்தாரக்குப்பத்தில் பெரிய ஷெட், நான்கு பிரஸ், சொந்த லாரி. விருந்தினர் மாளிகை வேலை வருகிறது என்று தெரிந்ததும் அவரும் முந்திரிக்கல் அடிக்க ஆரம்பித்தார். கேள்விப்பட்டு நல்லசாமி நேரிலேயே போனார்.

“வாங்கண்ணே, வாங்க. டீ சொல்லவா?”

“டீ வேண்டாங்க. அந்தக் கல்லு என்னோடதுங்க.”

“உங்களதுன்னா தூக்கிட்டுப் போங்கண்ணே. நான் என்னமோ என் சிமெண்டுன்னுல்ல நெனச்சேன்!”

“கல்லைச் சொல்லலீங்க. டிசைன் என் பேர்ல பதிஞ்சிருக்குதுங்க.”

“முந்திரிக்கொட்டையவா பதிஞ்சீங்க? அப்ப பண்ருட்டிச் சந்தைல இனி உங்களைக் கேட்டுத்தான் கொட்டை விக்கணுமா?”

ஷெட்டில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நல்லசாமி திரும்பி வந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஜெயராமன் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தின கோபத்தில், இது புதிய டிசைனே அல்ல, பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று கல்கத்தாவுக்கு எழுதிப் போட்டார். ஆதாரம் இல்லை என்று அங்கே தள்ளிவிட்டார்கள். அவர் விடவில்லை, சென்னை ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார். விருந்தினர் மாளிகைத் தரை அப்பீல் முடியும்வரை காத்திருக்கும் என்றார்கள். பதிவு நின்றால் அந்த வேலை நல்லசாமிக்கு. அதற்குப் பிறகு இந்தக் கல் யாருக்கு வேண்டுமானாலும் அவர் ஷெட்டுக்குத்தான் வர வேண்டும். விழுந்தால் யாரும் அடிக்கலாம். நான்கு பிரஸ் வைத்திருப்பவனுக்கு முன்னால் ஒரு பிரஸ் நிற்க முடியாது.

“இதுல தோத்துட்டா மறுபடியும் நான் ஊருக்குத் தரை போடற ஆளுதானுங்க சிஸ்டர்” என்றார், நான் கட்டுப் போடும்போது. “அதுல ஒண்ணும் கேவலமில்லைங்க. ஆனா தரை போட்டது யாருன்னு எந்த வூட்டுலயும் தெரியாது.”

“விரலை மடக்காதீர்கள்” என்றேன்.

அந்த வருஷம்தான் கண்ணையனின் ஊரைக் காலி செய்தார்கள். சுரங்கம் அந்தப் பக்கம் விரிந்துகொண்டு வந்தது. சனங்களுக்கு மாற்று இடம் காட்டியிருந்தார்கள். சாமியை மாற்றுவதற்குப் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் போக வேண்டும். அந்த மண்ணை வைத்துத்தான் புதுக் கோயில். பிடிமண்ணோடு தரைக்கல்லும் வரவேண்டும் என்று சாமியம்மாள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆத்தா காலடியில் இருந்த கல்லை மண்வெட்டி இயந்திரத்துக்கு விடுவதா? கண்ணையனும் மற்றவர்களும் கற்களை உடையாமல் நெம்பி எடுத்து, கூடைகளில் வைக்கோல் போட்டு அடுக்கினார்கள். சாமான் ஏற்ற வாடகைக்குக் கிடைத்த லாரி ஜெயராமனுடையது. லாரிக்குப் பின்னாலேயே சைக்கிளில் வந்த ஜெயராமன் கூடையை எட்டிப் பார்த்தார்.

“இது ஏது ஆயா இந்தக் கல்லு?”

சாமியம்மாளுக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அவளுக்கு அது பெருமை.

“எங்க மேஸ்திரி போட்டது. ஒலகத்துல யாருக்கும் தரதுக்கு முன்னாடி எங்க ஆத்தாளுக்குத்தான் போட்டாரு. அப்புறம்தான் மனுசனுக்கு!”

“யாருக்கும் தரதுக்கு முன்னாடியா?”

“ஆமாங்கறேன்! அவரு கல்கத்தாவுக்கு எழுதிப் போட்டாரே, அதுக்கும் முன்னாடி. ஆடிக் கூழு ஊத்தினப்ப.”

ஜெயராமன் லாரி வாடகையை வாங்கவே இல்லை என்று கண்ணையன் பிறகு சொன்னான்.

செய்தி கோர்ட்டுக்குப் போனதும் சிவப்பிரகாசம் ஷெட்டுக்கே வந்துவிட்டார். அன்று என் ஓய்வு நாள். நல்லசாமியிடம் விருந்தாளிக்கென்று இரண்டாவது தம்ளர் கிடையாது. என்னிடம் கேட்டார், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் நானும் அங்கே நிற்கும்படி ஆயிற்று.

“வரைந்தது நீங்கள்தான். அதை ஜெயராமனே மறுக்கவில்லை” என்றார் வக்கீல். “ஆனால் மனு போடுவதற்கு முன்னால் ஊர் பார்க்க வெளியே வந்துவிட்டால் அது புதிது இல்லை என்கிறது சட்டம். யார் வரைந்தது என்று பார்க்காது. என்னிடம் ஏன் அய்யா மறைத்தீர்கள்?”

“மறைக்கலீங்க. நீங்க வித்ததைக் கேட்டீங்க, காட்டுனதைக் கேட்டீங்க. சாமிக்குக் குடுத்ததைக் கேக்கலீங்களே.”

வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்திருக்கிறது. அவர் விருத்தாசலத்துக்கு வந்து பயணியர் விடுதியில் வைத்துச் சாட்சிகளை விசாரிப்பார். ஜெயராமன் கூப்பிட்டிருக்கும் சாட்சி அந்தக் கிழவி ஒருத்திதான்; கண்ணையன் உங்கள் ஆள் என்று அவனைக் கூப்பிடவில்லை. ஊர் பல திசையில் சிதறிவிட்டது. கல்லில் தேதி எழுதியிருக்கவில்லை. எந்த ஆடி என்பதுதான் கேள்வி. மனுவுக்கு முந்தின ஆடியா, அடுத்த வருஷத்து ஆடியா?

“அதைக் குழப்புவது என் வேலை. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். பொய்யும் வேண்டாம், மெய்யும் வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.”

“பேசாம இருந்தாப் போதுமுங்களா?”

“அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே” என்றார் வக்கீல். நல்லசாமி லேசாகச் சிரித்தார். சரி என்று தலையாட்டினார். நான் பார்த்தேன். அவர் சம்மதித்தார் என்பதை மறைத்து எழுதுவதில் எனக்கு இஷ்டமில்லை.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு அவர் கண்ணையன் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் போகவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து அச்சைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

விருத்தாசலத்தில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கண்ணையன் ஒருவிதமாகச் சொன்னான், பல வருஷம் கழித்து ஜெயராமன் கை முறிந்து என்னிடம் வந்தபோது இன்னொரு விதமாகச் சொன்னார். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

விடுதிக் கூடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் கமிஷனர். இந்தப் பக்கம் நாற்காலியில் சாமியம்மாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். ஜெயராமனின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் உற்சாகமாகப் பதில் சொன்னாள். ஆத்தா, கூழ், கல், யாருக்கும் முன்னாடி எங்களுக்கு. பிறகு சிவப்பிரகாசம் எழுந்தார்.

“உனக்கு வயசு என்னம்மா?”

“அம்பதோ அறுவதோ. ஆசுபத்திரிச் சீட்டுல அறுவதுன்னு போட்டாங்க. போட்டவரு பொடிப்பய, அவருக்கென்னா தெரியும்?”

கமிஷனரே சிரித்துவிட்டார்.

“உன் வயசே உனக்குத் தெரியவில்லை. கல் போட்ட வருஷம் மட்டும் எப்படித் தெரியும்?”

“ஆடி மாசங்க.”

“ஆடி வருஷத்துக்கு ஒன்று வருகிறது. எந்த ஆடி? சுரங்கத்தில் கரி தெரிந்ததே, அந்த வருஷத்து ஆடியா, அதற்கு முந்தின வருஷமா?”

எங்கள் பக்கத்தில் அப்போது காலத்தை அப்படித்தான் அளந்தார்கள். பூமிக்கு அடியில் பழுப்புக் கரி முதன்முதலில் வெளியே தெரிந்த வருஷம் ஒரு எல்லைக்கல். அதற்கு முந்தினதென்றால் ஜெயராமன் பக்கம். அந்த வருஷம்தான் என்றால் நல்லசாமி பக்கம்.

“முந்திதாங்க... முந்தின...”

“கரி தெரிந்த வருஷமும் உங்கள் ஊரில் கூழ் ஊற்றினீர்களா?”

“ஊத்தினோம்.”

“அப்போதும் கல் இருந்ததா?”

“இருந்துது.”

“அப்படியென்றால் அந்த வருஷமே போட்டிருக்கலாம் இல்லையா? நன்றாக யோசித்துச் சொல். சத்தியம் செய்திருக்கிறாய். தப்பாகச் சொன்னால் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.”

சாமியம்மாள் முந்தானையைச் சுருட்டினாள். ஜெயில் என்ற சொல்லைக் கேட்டதும் கூடத்து ஓரத்தில் யாரோ “கெழவிக்குக் களி” என்று சொல்ல, ஜெயராமனின் ஆட்களும் சேர்ந்தே சிரித்தார்கள். கரி தெரிந்த வருஷமோ என்னவோ என்று முணுமுணுத்தாள். கமிஷனர் பேனாவை எடுத்தார். அப்போதுதான் அவள் சட்டென்று திரும்பினாள்.

“நான் ஏன் கெடந்து அல்லாடணும்? போட்டவரு அங்க உக்காந்துகினு இருக்காரே, அவரைக் கேளுங்க! மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க, எந்த ஆடி? நீங்க சொல்றதுதான் எனக்கும்.”

சிவப்பிரகாசம் திரும்பி நல்லசாமியைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னாராம். நல்லசாமி கைகளை முழங்கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். அந்த விடுதித் தரை வெறும் சிமெண்டு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்பதில் கண்ணையனும் ஜெயராமனும் ஒத்துப்போகவில்லை.

பிறகு எழுந்தார். “ஆயா சொன்னது சரிங்க. கரி தெரியறதுக்கு முந்தின ஆடி. கல்கத்தாவுக்கு எழுதறதுக்கு முன்னாடிதானுங்க.”

“நீங்கள் இப்போது சாட்சி இல்லை. உட்காருங்கள்” என்றார் கமிஷனர்.

“அப்ப என்னையும் சாட்சியா எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். முன்னால் செய்த சத்தியத்தைப் பற்றிக் கேட்டார்கள். சாமிக்குக் கொடுத்ததைக் காட்டினதாக நினைக்கவில்லை என்று அதே பதிலைச் சொன்னார். கமிஷனர் அதை இரண்டு தடவை படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஜெயராமன் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க வாயத் தொறக்காம இருந்தா நான் தோத்திருப்பேண்ணே.”

“தெரியுமுங்க.”

“பெறகு எதுக்குண்ணே?”

“அந்தம்மா என்னையக் கேட்டுதுங்க.”

ஜெயராமனுக்கு அது போதவில்லை. லாரியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நல்லசாமி வேண்டாமென்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் சாமியம்மாள் முன்பக்கம், பெண்கள் பக்கம். நல்லசாமியும் கண்ணையனும் பின்னால் நின்றார்கள். பாதி வழியில் அவள் கழுத்தைத் திருப்பிச் சத்தமாகவே கேட்டாள்: “ஜெயிச்சிட்டமா மேஸ்திரி?”

“முடிஞ்சுதுங்க ஆயா.”

அவள் திருப்தியாகத் திரும்பிக்கொண்டாள். வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்ணையன் விஷயத்தைச் சொன்னான். உன் வாயால்தான் போயிற்று என்று சொன்னான். அவன் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டான்.

அதோடு அந்த வழி அடைந்துபோயிற்று. சண்டை எதுவும் இல்லை. சண்டையாக இருந்தால் யாராவது சமாதானம் செய்து வைத்திருக்கலாம். சாமியம்மாளுக்கு அவர் முகத்தில் விழிக்கக் கூச்சம். சந்தைக்குப் போனாலும் ஷெட் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். இவரோ, அவளைக் குழப்பச் சம்மதித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர். அது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதே இவருக்குப் பெரிய தடை. ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு வாசல்வரை வருவார். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். எதிரே இருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சாமியம்மாளையே நிறுத்திக் கேட்டேன், ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்று.

“என்னா மூஞ்ச வெச்சிகினு போறது நர்சம்மா? அவரு சோத்துல மண்ணப் போட்டவ நானு.”

“அவரே ஒன்றும் சொல்லவில்லையே.”

“அதான் போவ முடியல. ரெண்டு வார்த்த திட்டியிருந்தா போயிருப்பேன்.”

இதை நல்லசாமியிடம் சொன்னேன். திட்டிவிட்டு வாருங்கள் என்றேன். அவருக்கு யாரையும் திட்ட வராது. கண்ணையனும் சுரங்கத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போய்விட்டான். அங்கே பெர்மனென்ட் ஆகும் என்று யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். வேறு ஆள் வந்தான், போனான். ஐகோர்ட் தீர்ப்பு பல மாதம் கழித்து வந்தது: பதிவு ரத்து. முன்பு செய்த சத்தியத்துக்காக அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. எண்ணம் தப்பில்லை என்று நீதிபதி எழுதியிருந்தாராம். விருந்தினர் மாளிகைத் தரையை ஜெயராமன் போட்டார். அதற்குப் பிறகு நெய்வேலியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் முந்திரிக்கல் வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்திலும் அதுதான். பந்தியில் உட்காரும்போதெல்லாம் யாராவது அழகான தரை என்று சொல்வார்கள். நல்லசாமி நான் ரிட்டையராகும் முன்பே போய்விட்டார். நிமோனியா. கடைசி நாட்களில் படுக்கை விரிப்பு மாற்றியது நான்தான். வந்து பார்த்தவர்கள் அதிகமில்லை. சாமியம்மாள் அதற்கு வெகு முன்பே காலமாகியிருந்தாள்.

ஆனால் விருத்தாசலத்துக்குப் போய்வந்த மறுநாள் இதில் எதுவும் நடந்திருக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை பதிவு அவர் பெயரில்தான் என்று சிவப்பிரகாசம் கோபத்தோடு சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறியிருந்தார். இருக்கிற கல்லை அதற்குள் விற்றுத் தொலையுங்கள் என்றும் சொல்லியிருந்தார். பதிவான சரக்கு என்றால் ஒவ்வொன்றிலும் அடையாளம் இருக்க வேண்டுமாம். அதற்காக நல்லசாமி பிரஸ்ஸின் மேல்தட்டில் எழுத்து வெட்டி வைத்திருந்தார். கல்லின் முதுகில் பதிவு நம்பர் அழுந்தி விழும். தரையில் பதித்துவிட்டால் அந்த முதுகை யாரும் பார்க்கப்போவதில்லை.

அன்று காலை கண்ணையன் வேலைக்கு வரவில்லை. நான் டியூட்டிக்குக் கிளம்பி வெளியே வந்தபோது நல்லசாமி ஷெட் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, உளியால் அந்த நம்பரைச் செதுக்கிக்கொண்டிருந்தார். நீரில் ஊறி இறுகின கல், லேசில் விடாது. செதுக்கினதை வலது பக்கம் அடுக்கினார். இடது பக்கம் இடுப்புயரத்துக்கு இருந்தது. முகமெல்லாம் சிமெண்டுத் தூசி.

மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். எழுந்து உள்ளே போய், ஒரு துண்டை எடுத்து வந்து கட்டிக்கொண்டார். மறுபடி உட்கார்ந்து அடுத்த கல்லை எடுத்தார். கம்பெனி பஸ் வந்துவிட்டது. நான் ஏறிப் போனேன்.